படியெடுப்பும் ஒப்புநோக்கும்: அரபுத்தமிழ்க் கையேடுகளும் எந்திர வாசிப்பும்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே நெல்லை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர் கடம்பூர். போளிக்குப் பெயர் பெற்ற ஊர் என்று இரயில் பயணியர் அறிவர். அவ்வூரில் நம் உறவினர் இல்லமொன்றில், தகரப் பெட்டியின் அடியிலிருந்து, மேலட்டை இழந்த கையெழுத்துப் புத்தகமொன்று சில காலத்திற்கு முன் நம் கைக்கு வந்தது. எழுத்து அரபு, மொழி தமிழ். முற்பகுதியில் தொழுகை, நோன்பு பற்றிய மஸ்அலாக்கள். பிற்பகுதியில் குடும்பக் கணக்குகள். கரிசல் வெயிலில் தாள் பழுத்து, மடிப்புத் தோறும் முறிந்திருந்தது.

நம் மாணவர் இருவர் அதனைத் திறன்பேசியில் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலியொன்றிடம் கொடுத்தனர். சில பக்கங்களை அது உருது என மயங்கிக் குழம்பியது. வேறு சிலவற்றைச் சில விநாடிகளில் ஒழுங்கான தமிழாக்கித் தந்தது. அவற்றுள் ஒரு வரி, அக்குடும்பத்து முன்னோர் ஒருவர் தம் மனைவியின் மகரைக் 'கொடுத்தது' என்று முடிந்தது. எண்பது வயதை நெருங்கும் அவ்வீட்டு மூதாட்டி புத்தகத்தை வாங்கி, விரல் வைத்து வாசித்துவிட்டு, 'கொடாதது' என்றார். "கொடுத்து முடிஞ்சதை எதுக்குத் தம்பி இத்தனை பத்திரமா எழுதி வைக்கணும்?" என்று நம்மிடமே கேட்டார்.

இரண்டு சொற்களுக்கும் இடையே நிற்பது ஓர் அலிஃப். ஆயின் ஷரீஅத்தில் அந்த ஓர் எழுத்தின் எடை பெரிது. கொடுபடாத மகர் கணவன் மீதுள்ள கடன். அவர் இறந்தால் அடக்கச் செலவுக்குப் பின் கடன் தீர்க்கப்பட வேண்டும். மரண சாசனமும் வாரிசுப் பங்கீடும் அதன் பிறகே. எந்திரம் வாசித்தவாறாயின் கடன் இல்லை; மூதாட்டி வாசித்தவாறாயின் ஒரு பெண்ணின் உரிமை அத்தாளில் காத்துக் கிடந்தது. யார் வாசித்தது சரி? அதனை எவ்வாறு அறிவது? இக்கேள்வி நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் இதில் உழைத்து, அதனை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர்.

எழுதினாயா? ஒப்பு நோக்கினாயா?

அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனைத் தொகுக்கும் பொறுப்பு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தாமும் குர்ஆனை மனனமிட்டவரே. வஹ்யை எழுதியவருள் ஒருவர். அங்ஙனமிருந்தும் தம் நினைவை மட்டும் நம்பவில்லை. எழுதப்பட்டதையும் கேட்டவர் சாட்சியத்தையும் ஒருங்கே தேடினார். ஏடு ஒருபுறம், குரல் மறுபுறம். இரண்டும் ஒத்து வந்தால்தான் ஏற்பு.

இதே நெறி ஹதீஸ் கலையில் விரிவு பெற்றது. படியெடுத்த நூலை மூல நூலோடு ஒப்பிடுவதற்கு 'முகாபலா' என்று பெயர். ஆசிரியர் முன்னிலையில் வாசிக்கக் கேட்பது 'ஸமாஃ'. உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் தம் மகனார் ஹிஷாமிடம், எழுதினாயா என்று கேட்டார்கள், ஆம் என்றார். எழுதியதை ஒப்பு நோக்கினாயா என்றார்கள், இல்லை என்றார். அவ்வாறாயின் நீ எழுதவே இல்லை என்று தந்தை கூறியதாக ஹதீஸ் கலை நூல்கள் குறிக்கின்றன. ஒப்பு நோக்கப்படாத படி, படியாகவே கொள்ளப்படவில்லை.

ஒப்பு நோக்கியதற்கு அடையாளமும் இருந்தது. ஒரு ஹதீஸுக்கும் அடுத்ததற்கும் இடையே எழுதுவோர் சிறு வட்டமிடுவர். ஹிஜ்ரி 463-இல் (1071) மறைந்த கத்தீபுல் பக்தாதி (ரஹ்) அவர்கள், அவ்வட்டத்தை வெறுமையாக விட்டு, ஒப்பு நோக்கிய பின்னரே உள்ளே புள்ளியிட வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். வட்டத்தில் புள்ளியில்லையெனில் அப்பகுதி இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பதை வாசகர் உடனே அறிவர்.

இதனினும் நுண்ணியது ஐயத்தைக் குறிக்கும் முறை. ஹிஜ்ரி 643-இல் (1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் இதனை விரிவாக எழுதியுள்ளார்கள். பிழையென வாசகர் ஐயுறத் தக்க, ஆனால் சரியான சொல்லின் மேல் 'ஸஹ்ஹ' என்று எழுதுவர். மூலத்தில் அவ்வாறே உள்ளது, ஆயினும் பொருளோ இலக்கணமோ பொருந்தவில்லையெனில், அச்சொல்லின் மேல் 'ளப்பா' என்னும் நீண்ட குறியை இடுவர். படியெடுப்பவர் தம் அறிவைக் கொண்டு மூலத்தை ஓசையின்றித் திருத்திவிடலாகாது. தாம் திருத்தமெனக் கருதியது அறியாமையாக இருக்கக்கூடும். பின்வருபவர் அதன் சரியான பொருளைக் காணக்கூடும். இந்த அடக்கமே அக்கலையின் உயிர் எனலாம்.

பொருள் தரும் பிழை

எழுத்தைப் பிறழ வாசிப்பதற்குத் 'தஸ்ஹீஃப்' என்பது பெயர். இதற்கென்றே தனி நூல்கள் எழுதப்பட்டன. அவற்றில் வரும் இரு நிகழ்ச்சிகள் நம் காலத்துக்கு மிகவும் பொருந்துவன.

நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் பாயால் ஓர் இடத்தைத் தடுத்து அமைத்துக்கொண்டார்கள் என்பது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) வழி வரும் செய்தி. 'இஹ்தஜர' என்பது மூலச் சொல். எகிப்தின் காழியாக விளங்கிய இப்னு லஹீஆ அதனை 'இஹ்தஜம' என்று அறிவித்தார். பள்ளியில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்பது பொருளாகிவிட்டது. ஆசிரியரிடம் கேளாமல் ஏட்டிலிருந்து எடுத்ததே இதற்குக் காரணம் என்று இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் சுட்டினார்கள். மற்றொன்று, ஷவ்வாலின் ஆறு நோன்பு பற்றிய ஹதீஸ். 'ஸித்தன்' (ஆறு) என்பதை அறிஞர் அபூபக்ர் ஸூலீ 'ஷைஅன்' (ஏதேனும் சிறிது) என்று வாசித்தார். புள்ளிகள் இடம் மாறியமையால் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை காணாமற் போயிற்று.

இவ்விரு பிழைகளும் உளறல்கள் அல்ல. இரண்டும் இலக்கணப்படி செவ்விய சொற்றொடர்கள். கேட்போர் தலையசைத்துச் செல்லத்தக்க பொருளுடையவை. உளறலாயிருந்தால் எவரும் திருத்திவிடுவர். பொருள் தரும் பிழையே நெடுங்காலம் வாழ்கிறது.

கரிசலில் ஒரு காப்பியம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். கடம்பூருக்கு வடகிழக்கே, அதே கரிசல் நிலத்தில் உள்ளது எட்டயபுரம். அங்கு அடங்கப்பெற்றுள்ளார் உமறுப் புலவர். 1642-இல் பிறந்து 1703-இல் மறைந்தார் என்பர். அவர் இயற்றிய சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 5027 விருத்தங்களும் கொண்டது. அதனைப் புலவர் நாயகம் சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அச்சேற்றியது 1842-இல். அதாவது, நூற்றாண்டுக்கும் மேலாக அக்காப்பியம் ஓலையிலேயே வாழ்ந்தது. பனையோலை நம் தட்பவெப்பத்தில் என்றும் நிலைப்பதன்று. செல்லும் பூச்சியும் அரிக்கும். பெயர் தெரியாத பலர் மீண்டும் மீண்டும் படியெடுத்ததால்தான் அது அச்சுக்கூடம் வரை வந்து சேர்ந்தது.

ஓலையில் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே ஓலை வாசிப்பவர் யாப்பும் மொழியும் அறிந்தவராதல் வேண்டும். அதிலும் சீறாவில் அரபுச் சொற்கள் நிறைந்துள்ளன. இரு மொழியும் அறிந்தவர் கைபட்டதனால் அக்காப்பியம் பிழைத்தது.

அரபுத்தமிழ் இதற்கு மறுபுறம். இங்கே எழுத்து அரபு. அதில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புதிய குறிகள் வேண்டியிருந்தன. ட, ண, ள, ழ போன்றவற்றுக்கு இருக்கும் அரபு எழுத்துக்களோடு புள்ளிகளைக் கூட்டி எழுத்து அமைத்தனர். எகர, ஒகர உயிர்களுக்கும் தனிக்குறி கண்டனர். அரபியர் தம் நூல்களில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவர், அரபுத்தமிழில் விடுவதில்லை. விட்டால் 'கொடு'வும் 'கெடு'வும் ஒன்றாகிவிடும்.

மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் மஙானீ, ஃபத்ஹுத் தய்யான் முதலிய நூல்கள் இவ்வெழுத்திலேயே தமிழகத்திலும் இலங்கையிலும் ஓதப்பட்டன. இல்லங்களில் பெண்கள் மார்க்கம் கற்றதும் கடிதம் எழுதியதும் பெரிதும் இவ்வெழுத்தின் வாயிலாகவே. தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட விரிவான ஆய்வு நூல் இம்மரபின் பரப்பை உலகுக்குக் காட்டியது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்கள் அதில் பெயர் பெற்றன. கடம்பூர் போன்ற உள்நாட்டுச் சிற்றூர்களின் பெட்டிகளில் கிடப்பவை எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. தமிழ் எழுத்துக்கு மக்தபுகள் மாறியபின், அப்பெட்டிகளைத் திறந்து வாசிக்கக் கூடியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

தன்னார்வலர் கரங்கள்

இன்று உலகெங்கும் ஆவணக் காப்பகங்கள் படியெடுக்கும் பணிக்குப் பொதுமக்களை அழைக்கின்றன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2010-இல் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாமின் கையெழுத்துத் தாள்களை இணையத்தில் வைத்துத் தன்னார்வலரை அழைத்தது. அவர்கள் எழுதியதைக் கல்லூரியின் பதிப்பாளர்கள் சரிபார்த்தனர். பின்னர் அப்பக்கங்களே எந்திரத்துக்குக் கையெழுத்து வாசிக்கக் கற்பிக்கும் பாடநூல்களாயின.

நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு கெய்ரோவினது. ஃபுஸ்தாத் நகரத்து யூத வழிபாட்டில்லத்தில் நூற்றாண்டுகளாகக் குவிந்த தாள்களுள் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் 1897-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் பல அரபு மொழி, எபிரேய எழுத்து. நம் அரபுத்தமிழைப் போன்றே ஒரு மொழி மற்றொன்றின் ஆடையை உடுத்தியது. மலபார்க் கரையோடு வணிகம் செய்தோர் கடிதங்களும் அவற்றுள் உண்டு. 2017-இல் தொடங்கிய திட்டமொன்றில் பல நாட்டுத் தன்னார்வலர் அத்துண்டுகளை எழுத்து வகை பிரித்து, படியெடுத்தனர். அண்மைக் காலத்தில் எந்திரமும் அப்பணியில் இறங்கியுள்ளது.

தமிழர் இதில் பின்தங்கியவர் அல்லர். 1998-இல் சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தமிழர் தட்டச்சிட்டு, பிறர் மெய்ப்புப் பார்த்து, ஊதியமின்றி வளர்த்தது. சீறாப்புராணமும் அதில் இடம்பெற்றது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் பல எந்திரத்தால் எழுத்தாக்கப்பட்டு, தன்னார்வலரால் திருத்தப்படுகின்றன. அங்கு ஒரு விதி உண்டு. ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தால்தான் பச்சையாகும். முதலாமவரே இரண்டாம் முறையும் சான்றளிக்க இயலாது. கத்தீபுல் பக்தாதியின் வட்டமும் புள்ளியும் நிறம் மாறி வந்துள்ளன என்றே நமக்குத் தோன்றியது.

எந்திரம் எவ்வாறு வாசிக்கிறது?

கையெழுத்தை வாசிக்கும் எந்திர முறைகள் இரு வகைப்படும். முதல் வகை, ஒவ்வொரு வரியின் படத்தையும் அதன் சரியான எழுத்தாக்கத்தையும் சேர்த்துக் காட்டிப் பழக்கப்படுவது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் உருவான டிரான்ஸ்கிரிபஸ், பாரிஸில் உருவான இ-ஸ்கிரிப்டோரியம் ஆகியன இவ்வகை. ஒரு குறிப்பிட்ட கையெழுத்தை வாசிக்கப் பழக்க, கையால் படியெடுத்த 5,000 முதல் 15,000 சொற்கள் வேண்டும் என்பது டிரான்ஸ்கிரிபஸின் வழிகாட்டுதல். இவ்வகை எந்திரம் தவறும்போது பெரும்பாலும் உருக்குலைந்த எழுத்துக்களைத் தரும். பிழை கண்ணில் குத்தும்.

இரண்டாம் வகை, இன்று அனைவர் கையிலும் உள்ள பொது உரையாடல் செயலிகள். இவை பெருந்தொகையான நூல்களையும் செய்திகளையும் உண்டு வளர்ந்தவை. எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரும் என்பதை நன்கறிந்தவை. எழுத்துத் தெளிவாக இல்லாத இடத்தில், வரக்கூடிய சொல்லை ஊகித்து நிரப்பிவிடும். ஊகம் என்று சொல்லாமலும் நிரப்பும். ஆகவே இவற்றின் தவறு இப்னு லஹீஆவின் தவற்றை ஒத்தது: இலக்கணம் செவ்விது, பொருள் உண்டு, மூலம் வேறு. 'கொடுத்தது' என்பது தமிழில் அன்றாடம் புழங்கும் சொல்; 'கொடாதது' அருகியது. தேய்ந்த இடத்தில் எந்திரம் பழகிய சொல்லையே தேர்ந்தது. 'ளப்பா' இடத் தெரியாத எழுத்தர் அது.

இதனால் எந்திரத்தைப் புறந்தள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. அச்சு வந்தபோது நம்மவர் சிலர் தயங்கினர். தயங்காதவர் கைகளினால்தான் நம் நூல்கள் எஞ்சின. பல்லாயிரம் பக்கங்களைக் கையால் படியெடுக்க நம்மிடம் ஆளும் இல்லை, ஆண்டுகளும் இல்லை. எந்திரம் முதற்படியை எழுதட்டும். ஆயின் முதற்படி ஒப்பு நோக்கப்படாத படி என்பதும், ஒப்பு நோக்க வாசிக்கத் தெரிந்த மனிதர் வேண்டும் என்பதும் மறக்கலாகாதவை. அரபுத்தமிழைக் கற்பிக்க எந்திரத்துக்குப் பாடப் பக்கங்கள் வேண்டும். அப்பக்கங்களை எழுதித் தர வல்லோர் இன்றைய முதியோர். எந்திரம் பத்தாண்டு கழித்தும் கிடைக்கும்; இன்னும் திறமாகவே கிடைக்கும். அதனைச் சரி, தவறு என்று சொல்ல வல்லவர் அன்று இருப்பாரா என்பதே கேள்வி.

செய்யத் தக்கன

இப்பணியில் இறங்கும் கல்லூரிகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் சில கருத்துக்களை முன்வைக்கிறோம். ஏட்டின் படமும் எழுத்தாக்கமும் என்றும் பிரியாதிருக்க வேண்டும். ஐயுறுவோர் மூலத்தைக் கண்ணால் காண அதுவே வழி. முதலில் உள்ளவாறே அரபு எழுத்தில் படியெடுத்து, அதன் பின்னரே தமிழ் எழுத்துக்கு மாற்ற வேண்டும். நேரே தமிழாக்கினால் ஸீனும் ஸாதும் ஒரே 'ஸ' ஆகி, எழுதியவரின் கல்வித் தகைமைக்குச் சான்றாக நிற்பது அழிந்துபோகும். அரபுத்தமிழின் கூடுதல் எழுத்துக்கள் பல சாதாரண விசைப்பலகையில் இல்லை. அவற்றை எவ்வாறு குறிப்பது என்று முதலிலேயே ஒரு விதி செய்துகொள்ள வேண்டும்.

எந்திரம் தந்ததை 'எந்திரப் படி' என்றே தலைப்பில் குறிக்க வேண்டும். இருவர் அமர்ந்து, ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் படியைப் பார்த்து ஒப்பிட வேண்டும். இருவர் பெயரும் நாளும் அடியில் பதிய வேண்டும். அக்கால எழுத்தர் நூலின் முடிவில் தம் பெயரெழுதி துஆ வேண்டியது அழகுக்காக மட்டுமன்று. பிழைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை அறிவிக்கவும் ஆகும். எந்திரத்துக்கு மறுமை விசாரணை இல்லை, நமக்கு உண்டு.

குடும்ப ஏடுகள் அமானிதம் என்பதையும் மறத்தல் ஆகாது. மகர், கடன், மணவிலக்கு, பங்கு எனப் பிறர் அறியலாகாதன அவற்றில் இருக்கும். நம் மாணவர் ஆர்வத்தில் அவற்றை முன்பின் அறியாத செயலியொன்றில் ஏற்றியது முறையன்று. அதனைத் தடுக்காத தவறு நம்முடையதே. வீட்டாரின் இசைவு பெற்ற பின்னரே ஏடு திறக்கப்பட வேண்டும்.

கடம்பூர் ஏட்டின் முடிவைச் சொல்லாமல் விடுவது தகாது. அந்தத் தாளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். முறிந்த மடிப்பினுள் மை ஊறிய ஒரு செங்குத்துக் கோடு தெரிந்தது. அலிஃப்தான். மூன்று பக்கங்கள் தள்ளி, வேறொரு கையெழுத்தில் மற்றொரு குறிப்பும் இருந்தது: தந்தையின் மீதிருந்த மகர்க் கடனைச் சொத்துப் பிரிக்குமுன் தாய்க்குச் செலுத்திவிட்டதாக மகன் எழுதியது. அந்தப் பக்கத்தை எந்திரம் பிழையின்றி வாசித்திருந்தது. ஆயின் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அதற்குத் தோன்றவில்லை. பார்க்குமாறு நாமும் கேட்கவில்லை.

இப்போது அம்மூதாட்டி அருகில் அவருடைய பேத்தி அமர்கிறாள். பாட்டி உரக்க வாசிக்க, அவள் எந்திரப் படியைத் திருத்துகிறாள், குரலும் பதிவாகிறது. பக்க முடிவில் அவள் இடும் வட்டத்தினுள் புள்ளி வைப்பவர் பாட்டி. கண் ஒத்துழைக்கும் நாட்களில் இரண்டு பக்கம் நகர்கிறது. ஒத்துழையாத நாட்களில் ஒன்றும் இல்லை. புத்தகத்தில் இன்னும் பாதிக்கு மேல் எஞ்சியுள்ளது.